டேவிட் ராபர்ட்ஸின் தூண்கள்

சீடன்: சுவாமி, ஸ்காட்லாந்துச் சித்திரக்காரர் டேவிட் ராபர்ட்ஸின் படத்தொகுதியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. புர்கோஸ் பேராலயத்தையும், பெத்லகேமின் பிறப்பாலயத்தையும், கெய்ரோ மசூதிகளையும், அபு சிம்பலில் மணலில் புதைந்து கிடந்த ராம்சேஸ் மன்னனின் கோயிலையும் ஒரே சிரத்தையோடு அவர் எழுதியிருக்கிறார். உருவங்களுக்கும் ஆடம்பரங்களுக்கும் ஆலயத்தில் இடம் தராத சீர்திருத்தச் சபை ஓங்கியிருந்த தேசத்தில் பிறந்தவர் அவர். எல்லாச் சந்நிதிகளிலும் ஒன்றுபோல வியந்து நிற்பவருக்கு ஏதாவது ஒரு சந்நிதியிலாவது பக்தி இருந்திருக்குமா?

குரு: அவருடைய பக்தியை அளக்க நமக்கு அதிகாரமில்லை, அப்பா, அவர் எழுதிய படங்களை வேண்டுமானால் விசாரிக்கலாம். 1796-ஆம் ஆண்டில் எடின்பரோவை அடுத்த ஸ்டாக்பிரிட்ஜில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, வீடுகளுக்கு வர்ணம் பூசும் ஒருவரிடம் ஏழாண்டுக் காலம் தொழில் பயின்று, பின்பு ஊர் ஊராகச் சுற்றிய கூத்துக் குழுவுக்குத் திரை எழுதி, முடிவில் லண்டன் மாநகரத்து ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் அரங்குகளின் காட்சித் திரைகளை எழுதும் நிலைக்கு உயர்ந்த மனிதர் அவர். சுவரில் மாட்டுகிற படத்தை எழுதுகிறவன் பார்வையாளனை வெளியே நிறுத்திவிடலாம். நாடகத் திரையை எழுதுகிறவனோ, நடிகன் நடந்து நுழையத்தக்க ஓர் இடத்தை எழுதியாக வேண்டும். அந்தப் பழக்கம் ராபர்ட்ஸின் கையைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

சீடன்: அப்படியானால் நாம் காணும் பிரமிப்பு வெறும் நாடகக் கொட்டகைச் சாமர்த்தியம்தானே?

குரு: சாமர்த்தியம் என்பதை நான் மறுக்கவில்லை; ‘வெறும்’ என்பதைத்தான் மறுக்கிறேன். 1832-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் ஸ்பெயின் முழுவதும் சுற்றி வந்தவர், 1835-இல் புர்கோஸ் பேராலயத்தின் பொற்படிக்கட்டை எழுதினார். அந்தப் படிக்கட்டின் வரலாறே சுவையானது. ஆலயத்தின் வடக்கு வாயில், வெளியே மேட்டிலிருக்கும் தெருவின் மட்டத்தில் அமைந்துவிட்டபடியால், உள்ளே தளத்தினின்றும் பல அடி உயரத்தில் சுவரின் நடுவே அந்தரத்தில் நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தியேகோ தெ சிலோயே என்னும் சிற்பி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு கைகளாகப் பிரிந்து ஏறும் அந்தப் படிகளை அமைத்தான். மேட்டுத் தெருவால் வந்த சங்கடம் சிற்பியின் கையில் வைபவமாயிற்று. அதைச் சித்திரத்தில் கொண்டுவந்த ராபர்ட்ஸ் தம் கண்மட்டத்தைத் தாழ்வாக வைத்து, தளத்தை நம் காலடியிலிருந்தே தொடங்கி, மனிதர்களைச் சிறியவர்களாக நிறுத்தினார். தொல்காப்பியர் மருட்கை என்னும் மெய்ப்பாட்டுக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று நான்கு நிலைக்களன்களை வகுத்ததை நீ படித்திருக்கிறாய். பெருமையும் சிறுமையும் தனித்தனியே வியப்பைத் தரும் என்பது அவர் வகுப்பு. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து, ஒன்றுக்கு மற்றொன்றைப் பிரமாணமாக்கியது இந்தத் திரைக்காரரின் யுக்தி. அடியில் மனிதன் இல்லாவிட்டால் தூணின் உயரம் நமக்கு எப்படித் தெரியும்?

சீடன்: பேராலயத்துக்கு அது பொருந்தலாம். தூர தேசங்களுக்குப் போன பிறகு?

குரு: தூர தேசத்திலும் அவர் தேடியது கல் கட்டிய இடங்களைத்தான். 1838 ஆகஸ்டு இறுதியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, படகேறி நைல் நதியில் அபு சிம்பல் வரை சென்று, அடுத்த ஆண்டில் சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து பெட்ரா, எருசலேம், பால்பெக் முதலிய ஸ்தலங்களைக் கண்டு திரும்பினார். கெய்ரோவில் மசூதிகளுக்குள் அமர்ந்து வரைய அனுமதி கிடைத்தபோது, பன்றி மயிர்த் தூரிகை கூடாது என்று விதித்த நிபந்தனையை ஏற்று, துருக்கிய உடை தரித்து உள்ளே போனார். பக்தியைப் பற்றிக் கேட்டாயே, பிறருடைய பக்திக்கு இடையூறில்லாமல் உட்காரத் தெரிந்தவர் என்ற அளவுக்கு என்னால் சாட்சி சொல்ல முடியும். அபு சிம்பலின் முகப்பில் அவர் எழுதிய மணல்மேட்டை இன்று யாரும் காண முடியாது. அஸ்வான் அணையின் நீர் ஏறியதால் 1960-களில் அந்தக் கோயிலையே அறுத்தெடுத்துச் சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடி நிறுவிவிட்டார்கள்.

சீடன்: சுவாமி, மனிதன் தூணுக்குப் பிரமாணம் என்றீர்கள். அளவுகோலுக்கு முகம் வேண்டியதில்லை. அவருடைய எகிப்துப் படங்களில் இடிந்த தூணடியில் தலைப்பாகையோடு சாய்ந்திருக்கும் அந்த எகிப்தியருக்கு வீடு வாசல் உண்டா, வரி கொடுத்து நொந்தவரா என்பதெல்லாம் படத்தில் எங்கே இருக்கிறது?

குரு: புர்கோஸில் ஸ்பானியரையும் அவர் அப்படித்தான் சிறுக்கவைத்தார் என்று நான் விடை சொல்லலாம், அது உண்மையுங்கூட. ஆனால் அந்த விடை பாதி தூரந்தான் போகும். ஸ்பானியரை அறிய லண்டன்வாசிக்கு வேறு வழிகள் இருந்தன. 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளிவந்த, விக்டோரியா மகாராணியே சந்தா செலுத்திப் பெற்ற, இந்தப் பயணப் படங்களின் பெரிய கல்லச்சுத் தொகுதியை வாங்கியவர்களில் அநேகருக்கோ எகிப்தியர் என்றால் இந்தத் தூணடி மனிதர்தாம். அந்தப் படங்களைக் கல்லில் எழுதிய லூயி ஹாக் என்னும் பெல்ஜியக் கலைஞர், வலக்கை ஊனமாயிருந்தபடியால் இடக்கையாலேயே அத்தனையையும் முடித்தார் என்பது வேறு விஷயம். அந்தக் கையின் நயமே மனிதனைத் தூணின் நிழலோடு அவ்வளவு இசைவாகக் கரைத்துவிட்டது.

சீடன்: அதே தொகுதியில், அலெக்ஸாந்திரியா அரண்மனையில் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா 1839-இல் பேட்டி அளித்த காட்சியும் இருக்கிறது. அதில் பாஷாவின் முகம் தெளிவாயிருக்கிறது. கூடச் சென்ற ஆங்கிலேயரின் முகங்களும் தெளிவாயிருக்கின்றன. முகம் எழுத அவருக்குத் தெரியாமலில்லையே!

குரு: தெரியாமலில்லை. ஆட்சி உள்ளவனுக்கு முகத்தையும் ஆட்சி இல்லாதவனுக்கு அளவுகோலின் வேலையையும் கொடுத்தார் என்ற உன் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. புர்கோஸ் படிக்கட்டின் மேல் எனக்குள்ள மதிப்பை இதனால் நான் குறைத்துக்கொள்ளப் போவதுமில்லை. நீ குறைத்துக்கொள்வதானால் தடுக்கவும் மாட்டேன்.