ஒலி யார் கணக்கில்?

இராமேஸ்வரம் கோயில், ஏர்வாடி தர்கா, ஓரியூர் தேவாலயம் என எங்கே விழா நடந்தாலும் ஒலிபெருக்கி கட்டுவார்கள். கடலோர உப்புக்காற்று திருகாணியைத் துருப்பிடிக்க வைக்கும், ஈரம் உள்ளே புகுந்தால் கம்பிச்சுருளையும் அரிக்கும். இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் கருவி செய்வது 1940இல் டெல்லியில் தொடங்கிய அகுஜா போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் பிழைப்பு.

கருவி தாங்கும். பக்கத்து வீட்டுக் காது?

சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியில் வழிபாட்டு ஒலி பற்றி எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துத் தொழும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2000இல் வந்த தீர்ப்பு அது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள் திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தன.

மீறினால் பாவம் யாருக்கு: கருவியைச் செய்தவருக்கா, குமிழைத் திருகியவருக்கா? பெரும்பங்கு திருகியவருக்கே. ஆனால் வாட் கணக்கைப் பெட்டிமேல் பெருமையாக அச்சிடுபவரும் முழுதாகத் தப்ப முடியாது. (கடவுளுக்குக் காது மந்தம் என்று எந்த மதமும் சொன்னதாகத் தெரியவில்லை.) ஒரே பெரிய கூம்புக்குப் பதில், குறைந்த ஒலியில் சிறு பெட்டிகளைப் பரவலாக வைத்தால் சத்தம் கூட்டத்தைத் தாண்டி அவ்வளவாகப் போகாது. வாங்க வருபவரிடம் இதைத் தயாரிப்பாளரே சொல்லலாம். பெட்டிகளும் கூடுதலாக விற்கும்.