பகிர்ந்து செய்தால் பழி குறையுமா?

தீவினை ஒன்றை ஒருவனே செய்து முடித்தால், பழி யாரைச் சாரும் என்பதில் ஐயம் எழுவதில்லை. அதனையே மூவர், வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு பகுதியாகச் செய்தால்? பணம் அனுப்பியவன் ஒரு நாட்டில். குழந்தையைக் கேமராவின் முன் நிறுத்தியவர் மற்றொரு நாட்டில். அக்காட்சியை நேரலையாகக் கடத்திய நிறுவனம் வேறொரு நாட்டில். 'நான் குழந்தையைத் தொடவே இல்லையே' என்பான் முதலாமவன். 'வறுமையால் செய்தேன்' என்பார் இரண்டாமவர். 'எம் வழியே செல்வது இன்னதென்று யாம் அறியோம்' என்னும் நிறுவனம். மூவரும் இவ்வாறு விலகிக்கொண்டால், அக்குழந்தை பட்ட துன்பத்திற்கு விடை கூறுவார் யார்?

இது கற்பனை வினா அன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் பல ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் கொடுமை இது. அங்கே வறுமை உண்டு. ஆங்கிலம் பரவலாக வழங்குகிறது. வெளிநாட்டில் உழைப்போர் தம் வீட்டிற்குச் சிறு தொகைகளை அனுப்புவதற்கென ஏற்பட்ட வசதிகள் எங்கும் உள்ளன. குடும்பம் வாழ ஏற்பட்ட அதே வழியில்தான் இந்தப் பாவப்பணமும் வந்து சேருகிறது. குழந்தையை இதில் ஈடுபடுத்துவோர் பல வழக்குகளில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ ஆவர் என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. யூனிசெப், இன்டர்போல், எக்பாட் ஆகிய மூன்றும் இணைந்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் இணையத்தைப் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 20 பேர் ஓராண்டிற்குள் இணையவழிப் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் எனக் கூறுகிறது.

இனி அரசுகளின் கடமையை நோக்குவோம். 1967-இல் தோன்றிய ஆசியான் கூட்டமைப்பின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடாமை. நல்ல அண்டை வீட்டாரின் பண்பு அது. நாம் அதனைக் குறைத்துப் பேசவில்லை. ஆயின் அண்டை வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும்போதும் கதவைச் சாத்திக்கொள்வது பண்பாகுமா? இவ்வினாவிற்கு அந்நாடுகள் ஓரளவு விடை கண்டன. 2019 நவம்பரில் பாங்காக் மாநாட்டில், அப்போது உறுப்பினராயிருந்த பத்து நாடுகளும், இணையவழிச் சுரண்டலினின்று குழந்தைகளைக் காக்கும் பிரகடனம் ஒன்றை ஏற்றன. 2021-இல் அதற்கெனச் செயல்திட்டமும் வகுத்தன.

பிரகடனத்தை மீறினால் தண்டனை இல்லை. அது வெறும் வாக்குறுதியே என்பார் உளர். உண்மைதான். ஆயினும் அதன் தேவையைச் சட்டங்களின் ஆண்டுகளே காட்டும். இத்தகைய படங்களை வைத்திருப்பதைப் பிலிப்பைன்ஸ் 2009-லேயே குற்றமாக்கியது; தாய்லாந்து 2015-இல்தான் குற்றமாக்கியது; மலேசியா 2017-இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. படமோ நொடியில் எல்லை கடக்கிறது. சட்டம் கடக்க ஆண்டுகள் ஆகின்றன. பிலிப்பைன்ஸ் 2022-இல் இயற்றிய புதிய சட்டம், குழந்தை இசைந்தது என்ற சாக்கையும் ஏற்பதில்லை. அது மிகச் சரி. பசித்த பிள்ளையின் இசைவு என்ன இசைவு!

பணம் அனுப்புவோரோ பெரும்பாலும் ஆசியான் எல்லைக்கு அப்பாற்பட்டவர். ஆதலின் 2019-இல் பிலிப்பைன்ஸ் காவல்துறையும் புலனாய்வுத் துறையும், ஆஸ்திரேலிய, பிரிட்டானியக் காவல் அமைப்புகளோடு சேர்ந்து ஒரு கூட்டு மையத்தை நிறுவின. பணம் புறப்படும் நாடும் அது போய்ச் சேரும் நாடும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான், வினையின் துண்டுகள் ஒன்றுசேர்ந்து முழு வடிவம் பெறும்.

செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என வினையை மூவகையாகக் கண்டவர் நாம். மூன்றிலும் வினை உண்டு என்பது நம் வீட்டுச் சிறுவரும் அறிந்தது. பணம் அனுப்பியவன் செய்வித்தவன். இதில் வாதமே இல்லை. அறியாதிருந்தேன் என்பாரைப் பற்றித்தான் நாம் நின்று எண்ணவேண்டும். உண்மையாகவே அறியாதவர் உடன்பட்டவர் ஆகார். ஆனால் அறிந்தால் செலவாகும், வருவாய் குறையும், அயல்நாட்டுறவு கெடும் என்று அஞ்சி அறியாதிருப்பதைத் தேர்ந்துகொண்டவர்? அவரை உடன்பட்டவர் என்றே நாம் கருதுகிறோம். அந்நிறுவனத்திற்கும் இது பொருந்தும். 'எம் எல்லைக்குள் நடக்கவில்லை' என்னும் அரசுக்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும் இன்னும் நம் மனத்தை உறுத்துகிறது. கேமராவின் முன் தன் குழந்தையை நிறுத்திய தாய்க்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது. தண்டிக்கவேண்டியதே. அவளுக்குப் பணம் அனுப்பிச் செய்வித்தவனோ, தன் நாட்டில் சில ஆண்டுச் சிறையோடு வெளியே வந்த வழக்குகள் உண்டு. அவன் வீடு திரும்பும் நாளில், அவள் சிறையில் இருக்கிறாள். அக்குழந்தை காப்பகத்தில், அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.