பூசலார் கட்டிய இடம்

சோழவரத்துக்குத் தென்மேற்கே, திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இதய அறுவைக்கு நாள் குறித்தவர்களும் ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவர்களும் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். கருவறையில் லிங்கத்தோடு பூசலார் நாயனாரும் இருக்கிறார்.

ஈசனுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டுப் பொருள் திரட்ட முடியாமல் போனவர் பூசலார். மனத்துக்குள்ளேயே கட்டினார். சேக்கிழார் அதைச் சொல்லும் விதம் அருமையானது. கண்ணை மூடியதும் கோயில் எழுந்துவிடவில்லை. நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார்; சிகரம் வைத்தார், சுதை வேலை முடித்தார், கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார். பல நாள் வேலை. முடிந்ததும் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனும் அதே நாளில் குடமுழுக்கு வைத்திருந்தான். அவன் கனவில் இறைவன் தோன்றி, தாம் பூசலாரின் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி, விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

அந்தக் கோயில் நின்ற இடம் மனமா, மார்புக்குள் துடிக்கும் தசையா? நெஞ்சு என்ற நம் சொல் இரண்டையும் பிரிக்காது. பக்தர்கள் வேண்டுவதோ தசைக்காகத்தான்.

முதுமையில் தமனிகள் விறைக்கின்றன. அவற்றை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இருந்த காப்பும் குறைகிறது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 9 ஆண்டு தள்ளி வந்தது. தள்ளி வந்ததே தவிர, வராமல் போகவில்லை. அதுவும் சிலருக்கு மார்வலியே இல்லாமல் மூச்சிரைப்பாக, அசதியாக, குமட்டலாக, தாடை வலியாக வரும். கணவருக்காக அர்ச்சனைச் சீட்டு வாங்கும் பாட்டி, படியேறுகையில் தனக்கு மூச்சு வாங்குவதை "வயசாச்சு இல்ல" என்று விட்டுவிடுகிறார். மனத்தை அறுப்பது இதுதான்.

வயதையும் விதியையும் மட்டும் சொல்லித் தப்ப முடியாது. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மன உளைச்சல் உட்பட 9 காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் பின்னால் இருப்பதாக அதே ஆய்வு கண்டது.

மாத்திரை போட்டால் நம்பிக்கை குறைந்ததாகுமா? உடம்பை இழிவென்று நினைத்திருந்த திருமூலர், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். பூசலாரும் கடவுளை வெறும் மண்ணில் அமர்த்தவில்லை. மதில் வரை கட்டி முடித்த பிறகே அழைத்தார்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. களப்பணியாளர் தாத்தாவின் கையிலிருந்து அவிழ்க்கும் ரத்த அழுத்தப் பட்டையை, அடுப்படியில் நிற்கும் பாட்டியைக் கூப்பிட்டு அவர் கையிலும் சுற்ற வேண்டியிருக்கிறது.