சுருள் திரும்புமா?

"மறுபடியும் வருமா, தம்பி?"

நம் தமக்கையார் கேட்டது இவ்வளவுதான். சித்திரை வெயில். மூன்று வயதுச் சிறுவன். தலை நிறைய வளையம் வளையமாய்ச் சுருள்முடி; அதன் அடியில் வேர்க்குரு. முடியை எடுத்தே தீரவேண்டிய நிலை. எடுத்தால் அந்தச் சுருள் திரும்புமா என்பது தாயின் கவலை. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, முறைப்படி மொட்டை அடித்தால் திரும்பும் என்பது மாமியாரின் மறுமொழி. தாய்மாமன் நாம். மடி நம்முடையது. ஆகவே வழக்கும் நம்மிடம் வந்தது.

"கட்டாயம் வரும், அக்கா" என்றோம். தயங்காமல் சொன்னோம்; அடுக்களையில் இருந்த அத்தைக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னோம். கத்தி முடியைத் தொடுமேயன்றி வேரைத் தொடாது. வேரைத் தொடாத கத்தி சுருளை எங்ஙனம் கெடுக்கும்? நேர்த்திக்கடன் ஏன், நெடும்பயணம் ஏன், தெருமுனை முடிதிருத்தகம் போதாதா? வாதில் வென்றோம். நாமே அழைத்துச் சென்றோம். சிறுவன் நம் மடியில்தான் அமர்ந்தான். கோயில் மண்டபத்தில் அன்று, சுழல் நாற்காலியில்!

முடி தரையில் விழுந்தபோது தமக்கையார் குனிந்து இரண்டு சுருளை எடுத்துக் கைக்குட்டையில் முடிய முனைந்தார். நாம் சிரித்தோம். "திரும்பி வரப்போவதற்கு எதற்கு அக்கா நினைவுச் சின்னம்?" என்றோம். அவர் நாணிக் கையிலிருந்ததை உதறினார். துடைப்பம் வந்தது. கூட்டித் தள்ளிற்று.

ஓராண்டு ஓடிற்று. சுருள் வரவில்லை.

இதென்ன பெரிய செய்தி, முடி வளைந்தால் என்ன நிமிர்ந்தால் என்ன, இதற்கொரு கட்டுரையா என்று தோழர்கள் கேட்கலாம். முடியைப் பற்றி அன்று நமது கவலை. அன்று நாம் சொன்ன 'கட்டாயம்' என்ற சொல்லைப் பற்றித்தான்.

முதலில், நாம் சொன்னதில் எவ்வளவு உண்மை? தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது; கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை. உயிர் இருப்பது தோலுக்குள்ளே, மயிர்க்காலில். மயிர்க்கால் நேராக அமைந்தால் முடி நேராகவும், வளைந்து ஒருபக்கம் சாய்ந்து அமைந்தால் முடி சுருண்டும் வளர்கிறது. அந்த மயிர்க்கால்கள் தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. வெளியே வெட்டும் கத்திக்கும் உள்ளே இருக்கும் அச்சுக்கும் தொடர்பில்லை. மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாகும் என்ற நம்பிக்கையும் இங்கேயே விழுந்துபோகிறது. இயல்பாய் வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டியபின் நுனி மழுங்கியிருக்கும். தடவிப் பார்க்கும் கைக்கு முரட்டு முடியாய்த் தோன்றும். அவ்வளவே.

இன்னொரு கணக்கும் உண்டு. தலைமுடி திங்களுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. 2 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு வளையம் முழுமையாகச் சுற்றிக்கொள்ள 6 செ.மீட்டருக்கும் மேலான முடி வேண்டும். ஆகவே மழித்த இரண்டாம் திங்களிலேயே "ஐயோ, சுருள் போயிற்றே" என்று புலம்புகிறவர்கள், வளையம் தோன்றப் போதிய இழையே வளராதபோது தீர்ப்பு எழுதுகிறார்கள். நாமும் இந்தக் கணக்கைச் சொல்லி ஆறு திங்கள் தமக்கையாரைப் பொறுக்கச் சொன்னோம். பொறுத்தார். முடியும் வளர்ந்தது, நெற்றிவரை, காதுவரை வளர்ந்தது. ஓரிரு அலை தெரிந்தது. வளையம் இல்லை.

காரணம் மந்திரமன்று. குழந்தையின் முடி பூம்பஞ்சு போன்றது, மெல்லியது. குழந்தை வளர வளர அதன் மயிர்க்கால்களும் வளர்கின்றன, பருக்கின்றன; அவற்றிலிருந்து வரும் முடியின் தடிப்பும் நிறமும் வடிவமும் மாறக்கூடும். சிலருக்குச் சுருள் நிமிர்கிறது. சிலருக்கு, பருவ வயதில், நேர்முடி சுருளாகிறது. கத்தியே படாமல் இருந்தாலும் இம்மாற்றம் நேரும். பழைய முடி மெல்ல உதிர்ந்து புதியது மெல்ல வருவதால் கண்ணுக்குப் படுவதில்லை. கத்தரி வந்து பழையதை ஒரே நாளில் அகற்றிவிட, மெல்ல நடந்துகொண்டிருந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததாகத் தோன்றுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழம் ஏற்கெனவே கனிந்திருந்தது.

இதை உறுதிப்படுத்த வழி? வெட்டிய சிறுவன் ஒருவன். வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று காட்ட அதே சிறுவன் இன்னொருவன் இல்லை. பாதித் தலையை மழித்துப் பாதியை விட்டுப் பார்க்க எந்தத் தாய் ஒப்புவாள்? காலில் செய்து பார்த்தார்கள். 1970இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து இளைஞர்கள் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல திங்கள் மழித்து, மறு காலை அப்படியே விட்டார்கள். இரண்டு கால்களின் முடிக்கும் தடிப்பிலோ வளர்ச்சியிலோ வேறுபாடு இல்லை. 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர், மழிப்பதால் முடியின் நிறமோ தன்மையோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதியிருந்தார். கூர்ந்து நோக்குங்கள்: கத்தி எதைச் செய்யாது என்பதைத்தான் இவை கூறின. காலம் எதைச் செய்யும் என்பதை இவை பேசவில்லை.

நாமோ, "கத்தி கெடுக்காது" என்ற உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, "சுருள் வரும்" என்ற வாக்குறுதியை வாயால் கொடுத்துவிட்டோம்! முதலாவது அறிவியல். இரண்டாவது அருள்வாக்கு.

அத்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். நேர்ந்துகொண்டு மழித்திருந்து சுருள் வந்திருந்தால், தெய்வத்தின் அருள். வராதிருந்தால், நேர்த்திக்கடனில் ஏதோ குறை. எப்படியாயினும் தெய்வம் தோற்காது. இதைக் கேட்டு எத்தனை முறை நகைத்திருக்கிறோம்! ஆனால் சுருள் வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? "பார்த்தீர்களா, அறிவியல் சொன்னது நடந்தது" என்று மார்தட்டியிருப்போம். அறிவியல் அப்படிச் சொல்லவே இல்லையே!

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். குறுக்கிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "எதிரே நிற்பது உறுதியாகப் பேசும் மூடநம்பிக்கை. அதன்முன் 'வரலாம், வராமலும் போகலாம்' என்று இழுத்தால் யார் நம்மை நம்புவார்கள்? நல்ல நோக்கத்துக்காகச் சற்றே கூட்டிச் சொன்னால் குற்றமா?"

வலுவான கேள்வி. நமக்கும் அன்று அந்த எண்ணம்தான் உள்ளூர இருந்தது. ஆயினும் நடந்ததைப் பாருங்கள். தமக்கையார் மயிர்க்காலைப் பற்றி அறிந்து நம்பவில்லை, நம்மை நம்பினார். பூசாரி இருந்த இடத்தில் பட்டதாரித் தம்பி உட்கார்ந்தான். ஆள் மாறியதேயன்றி இருக்கை மாறவில்லை. தாம் சொல்வதையும்கூட அவரவர் அறிவு ஏற்றால் மட்டுமே ஏற்கவேண்டும் என்று பெரியார் மேடைதோறும் கூறிவந்தாரே, அது அடக்கத்துக்காகச் சொன்ன சொல் என்றா எண்ணினோம்? மேலும், கூட்டிச் சொன்னதன் விலையை நாம் கொடுக்கவில்லை. அக்காதான் கொடுத்தார். ஓராண்டுக்குப் பின் அவர் சினந்து பேசவில்லை. சிறுவனின் தலையை வாரிக்கொண்டே, "நீ படித்தவன் சொன்னாய் என்று நம்பினேன், தம்பி. அந்த இரண்டு சுருளையாவது எடுத்து வைத்திருப்பேன்" என்றார்.

அத்தை அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். பதில் பேசிப் பழகியவர்களல்லவா நாம்!

வெட்டிய முடியைத் தாய் எடுத்து வைக்க விரும்புவதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. அது வரம் கேட்பதன்று. போனதைப் போயிற்று என்று அறிந்தவர்கள் செய்வது. அதையும் ஒரு சடங்கென்று எண்ணி நகைத்த நம் அவசரத்தை எந்த ஆய்வும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

தமக்கையாருக்கு இரண்டாவது பெண் குழந்தை. இப்போது பதினெட்டுத் திங்கள். அண்ணனுக்கு இருந்ததைப்போலவே வளையம் வளையமாய்ச் சுருள். சென்ற திங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, அத்தையும் உடனிருக்க, அதே கேள்வி வந்தது.

"வெட்டுவதால் கெடாது, அக்கா. ஆனால் இவள் வளரும்போது இதே சுருள் இருக்குமா என்றால், தெரியாது. கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்" என்றோம்.

"இதைச் சொல்லவா இவ்வளவு படித்தாய்?" என்று அக்கா சிரித்தார். அத்தை எழுந்து உள்ளே போய், கைக்குட்டை ஒன்றைத் தேடி எடுத்துவந்தார்.