துயர் பாடுவது நசிவா?

துயரைப் பாடும் கலை மக்களைச் சோர்வுறச் செய்யும். ஆதலின் அது நசிவுக் கலையே என்ற தீர்ப்பை நம்மவர் எளிதில் வழங்கிவிடுகின்றனர். கறுப்புடை தரித்து, முகத்தை வெளிறச் செய்து, மரணத்தையும் தனிமையையும் இசைக்கும் 'கோத்' கூட்டத்தாரைப் பற்றி மாணவன் ஒருவன் வினவியபோது நானும் அத்தீர்ப்பையே கூறினேன். அவ்விசையின் பிறப்பை ஆராய்ந்தபோதுதான் என் அவசரம் எனக்குப் புலனாயிற்று.

1970களின் இறுதியில், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த பிரித்தானியாவிலே அது உருப்பெற்றது. 1982 ஜனவரியில் அந்நாட்டு வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டிற்று. கோத் இசைக்கு முன்னோடியாக அமைந்த 'ஜோய் டிவிஷன்' குழுவின் பாடகர் இயன் கேர்ட்டிஸ், அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகமொன்றில் உடற்குறையுடையோருக்குத் தொழில் தேடிக்கொடுக்கும் பணியிலிருந்தவர். தாமும் வலிப்பு நோயால் வருந்தியவர். 1980இல், 23ஆம் வயதில், தற்கொலை செய்துகொண்டார். அக்குரலின் இருளை உண்டுகளித்தோரின் சலிப்பென்று எங்ஙனம் ஒதுக்குவது?

'பங்க்' இசையின் சினமும் டேவிட் போவியின் ஒப்பனையும் இவ்விசையின் ஊற்றுக்கள் என்பர். நான் வியந்தது இன்னோர் ஊற்றைக் கண்டே. காலணித் தொழிலுக்குப் பெயர்போன நோர்தாம்டன் நகரத்துப் 'பௌஹவுஸ்' குழுவினர், திரையிலே டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் மரணத்தைப் பொருளாக்கி 1979இல் ஒரு பாட்டு வெளியிட்டனர். ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் அப்பாட்டில் முதல் இரண்டு நிமிடத்துக்கும் குரலே இல்லை. தாளம் எதிரொலித்துத் தேய்கிறது. கீழ்ச்சுருதிக் கிற்றார் படிப்படியாக இறங்குகிறது. அந்த எதிரொலி, யமேக்காவின் ஒலிப்பதிவுக் கூடங்களிலே உருவான 'டப்' இசையிலிருந்து பெற்றது. யமேக்காவிலிருந்து குடியேறிய தொழிலாளரின் சேரிகளில் ஒலித்தே அது வெள்ளை இளைஞரின் செவிக்கு எட்டியது. ஐரோப்பியப் பேய்க்கதையின் வாரிசு எனப்படும் பாட்டின் நாடி கரிபியன் கடலிலே துடிக்கிறது!

எனினும், இவர்களுக்காக முற்றாக வாதாட நான் முன்வரேன். இம்மரபின் தலைமகளாகப் போற்றப்படும் சூசி சூ, 1976இல் நாசிச் சின்னம் பொறித்த கைப்பட்டியுடன் மேடையேறினார். 'ஜோய் டிவிஷன்' என்பதோ, நாசி முகாமில் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பகுதிக்கு நாவலொன்று வழங்கிய பெயர். மூத்தோரை அதிரவைக்கும் குறும்பு என்று சமாதானம் கூறப்பட்டது. அச்சமாதானம் எனக்கு உடன்பாடன்று. தம் துயரைப் பாடுவது வேறு. பிறர் பட்ட துயரைப் பதக்கமாக அணிவது வேறு. 'நசிவு' என்ற சொல்லை நாம் பின்னதற்கே சேமித்து வைத்திருக்க வேண்டும்.

இவற்றை மாணவனிடம் கூறினேன். “கேர்ட்டிஸ் இறந்தபின் மற்றவர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டார்களா, சேர்?” என்று கேட்டான். விட்டுவிட்டார்கள். 'புதிய ஒழுங்கு' என்று பொருள்படும் வேறொரு பெயரைச் சூடிக்கொண்டார்கள். அது ஹிட்லரின் சொல்லல்லவா என்று அப்போதும் கண்டனம் எழுந்தது, அவர்கள் மறுத்தார்கள்.