சிராவகரும் அன்றாட உணவும்



எதனை உண்ணலாகாது என்று வினவினால் நம் இல்லத்துச் சிறு பிள்ளையும் விடை கூறும். ஊன், கள், தேன் ஆகிய மூன்று. ஆல், அரசு, அத்தி முதலான ஐவகைக் கனிகள். கதிரவன் மறைந்தபின் கொள்ளும் உணவு. எதனை உண்ண வேண்டும் என்று வினவினாலோ பெரியோரும் தயங்குகின்றனர். விலக்கத் தக்கவற்றை விலக்கிய அளவிலேயே உணவறம் நிறைவுற்றது என்று எண்ணிவிட்டோம். அதன் விளைவு, வாழ்நாளில் ஊன் தீண்டாத இல்லத்தில் தந்தைக்கு நீரிழிவு, தாய்க்கு இரத்தச் சோகை. நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறிற்று. அத்தொகையில் நம்மவரும் அடங்குவர்.

புறத்தவம் ஆறு என்பர் ஆன்றோர். அவற்றுள் நான்கு உணவு பற்றியவை என்பதை எண்ணிப் பாருங்கள். உபவாசம் எனப்படும் அநசனத்தை நாம் அறிவோம், கொண்டாடவும் செய்கிறோம். அடுத்து நிற்கும் அவமௌதரியத்தை, அதாவது வயிறு நிறையுமுன் எழுந்துவிடும் தவத்தை, யார் நினைக்கின்றோம்? பருவ நாளில் பட்டினி கிடந்து, மறுநாள் பாரணையில் இரு மடங்கு உண்போரும் உளர். ரஸபரித்தியாகம் என்பதோ பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகிய ஆறனுள் இயன்றதைத் துறத்தல். இவற்றுள் நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகிய நான்கையும் குறைக்குமாறே இன்றைய மருத்துவர் நமக்கு எழுதிக் கொடுக்கின்றார். நாமாக ஏற்றிருந்தால் தவமாக இருந்திருக்கும். இப்பொழுது பத்தியமாக வந்து நிற்கிறது!

இனி, நம் மதிய இலையைப் பார்ப்போம். நடுவே வெண்சோற்றுக் குவியல். அதன்மேல் குழம்பு, பின்னர் இரசம், பின்னர் மோர். தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும். காய் ஒரு கரண்டி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் உடல் பெறும் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைக் கடக்கலாகாது. இந்நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடமாகத் தோன்றியது. அரிசியைத் தவிடு நீங்கத் தீட்டி உண்பதால் வரும் நோய் அது. நூறாண்டு கடந்தும் நாம் வெண்மையையே விரும்புகின்றோம்.

ஆகவே சோற்றைப் பாதியாகக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பையும் காயையும் வையுங்கள். துவரை, பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை ஆகியவற்றின் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 8 கிராம்கூட இராது. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்து மிக்கது. பூச்சி நீக்கி ஆய்ந்த கீரையுடன் எலுமிச்சைச் சாறு சேரின் இரும்புச் சத்து உடலில் நன்கு ஏறும். உண்டவுடன் தேநீர் பருகினால் அது தடைப்படும். முளைகட்டிய பயறே சிறந்தது என்பர் சிலர். முளையில் எண்ணிறந்த உயிர்கள் உள என்று விலக்குவோர் அதற்காக வருந்த வேண்டுவதில்லை. வேகவைத்த பயறே போதிய புரதம் தரும். பருப்பைத் தயிருடன் கலவாத துவிதள விதியைப் பேணுவோர், பருப்பை ஒரு வேளைக்கும் மோரை மறு வேளைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் கிட்டாது. நமக்குப் பாலும் தயிருமே வழி. அவற்றையும் துறப்போர், கைகால் மரத்தலும் சோர்வும் தோன்றுமுன் மருத்துவரைக் கண்டு ஏற்ற மாத்திரை பெறுதல் நலம்.

நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் மருத்துவரைக் கேளாது உபவாசம் ஏற்கலாகாது. இதனால் விரதம் குன்றுமோ என அஞ்ச வேண்டா. தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள், தியாகமும் தவமும் சக்திக்கு ஏற்ப என்றே வைக்கப்பட்டுள்ளன.

இறுதியாக ஒன்று, கூறத் தயங்கியே கூறுகிறேன். கார்த்திகை மாதத்தில் மாலை 6 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும், மாமனார் மாமியாருக்கும், கணவருக்கும் பரிமாறிவிட்டு இல்லத்தரசி அமரும்போது ஒளி போய்விடுகிறது. அவள் விரதம் தவறாள், உண்ணாமல் எழுகிறாள். மறுநாள் காலையிலும் சினாலயம் சென்று வந்த பின்னரே உண்கிறாள். அதனை அவளுடைய தவம் என்று நாம் புகழ்கிறோம். தவம் என்பது தானே விரும்பி ஏற்பது. இது நாம் அவள்மீது சுமத்திய பட்டினி. இரத்தச் சோகை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. மாலை 5 மணிக்கு, பருப்பும் கீரையும் இட்ட முதல் தட்டை அவள் முன் வையுங்கள். மற்றவர்க்குப் பரிமாறும் கரண்டியை அன்று கணவர் ஏந்தட்டும்.