வாயில் திறக்குமா?

சிலம்பைக் கையிலேந்திய கண்ணகிக்குப் பாண்டியனின் அரண்மனை வாயில் திறந்தது. மன்னனையே குற்றவாளி என்றுரைக்க வந்தவள். எனினும் வழக்கு கேட்கப்பட்டது! பொத்தேரியில் நாம் இதைப் பாடமாக நடத்தியபோது ஒரு மாணவன் கேட்டான்: "இன்றும் அப்படித்தானே, ஐயா?" ஆம் என்றுரைக்க நா எழவில்லை. முந்த்ராவை எண்ணினோம்.

குஜராத்தின் கச்சுக் கடற்கரையில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம். 2008-இல் அதற்கு 45 கோடி டாலர் கடன் வழங்கியது, உலக வங்கிக் குழுவின் பன்னாட்டு நிதிக் கழகம். மீன் அருகிற்று, நிலத்தடி நீர் உப்பாயிற்று என்று முறையிட்டனர் மீனவரும் உழவரும். கழகத்தின் குறைகேட்பு அலுவலகமே 2013-இல் கழகத்தின்மீது குறை கண்டது. கண்டு என்ன பயன்? ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை!

2015-இல் வாஷிங்டன் நீதிமன்றம் ஏறினர். எம்மீது வழக்கே தொடுக்கலாகாது என்றது கழகம். முழு விலக்கு இல்லை என்று 2019-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், எழுவருக்கு ஒருவர் என்ற கணக்கில், தீர்ப்பளித்தது. வெற்றிதானே என்பீர்கள், தோழர்களே! பொறுங்கள். வழக்கின் அடிப்படை இந்தியாவில் நிகழ்ந்த செயல். ஆகவே விலக்கு நிற்கும் என்று கீழ்மன்றங்கள் தள்ளிவிட்டன. 2022-இல் உச்சநீதிமன்றமும் கேட்க மறுத்தது.

பன்னாட்டு அமைப்புகளுக்குக் காப்பே கூடாதென்பதல்ல நம் வாதம். ஓர் அரசு தன் நீதிமன்றத்தைக் காட்டி அவற்றை மிரட்டலாகாது, சரி. ஆனால் அரசுகளைத் தடுக்க எழுப்பிய மதில், வலை வெறுமையான மீனவனை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்? இத்தகைய காப்பு முறையா என்று 1999-இல் ஆராய்ந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முறையிட மாற்று வழி உண்டா என்றும் பார்த்தது. முந்த்ரா மக்களுக்குக் கழகம் காட்டிய மாற்று வழி, ஆணையிட இயலாத அந்த அலுவலகந்தான்!